ஒரு வீடு, ஓர் இணைப்பு, பல கணிப்பொறிகள்



இன்று நம்மில் பலரது இல்லங்களில் அலைபேசி, தொலைக்காட்சி, கணிப்பொறி அனைத்தும் ஒரே இணைய இணைப்பை நம்பியே இயங்குகின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் என்ன நடக்கிறது? அக்காள் இணையவழிப் பாடம் கேட்கிறாள். அப்பா அலுவலகக் கூட்டத்தில் பேசுகிறார். தம்பியோ தங்கையோ கணிப்பொறியில் விளையாடுகிறார்கள். திடீரென்று ஆசிரியையின் முகம் திரையில் அசையாமல் நின்றுவிடுகிறது. உடனே, "எல்லாம் அந்த விளையாட்டால் வந்த வினை!" என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. விளையாடியது பெண் பிள்ளையாயின், "உனக்கு எதற்கு இந்த விளையாட்டு?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கணிப்பொறி மூடப்படுகிறது, அல்லது கூடுதல் பணம் கட்டி அதிக வேக இணைப்பு வாங்கப்படுகிறது. பல வேளைகளில் இவ்விரண்டுமே தக்க மருந்தல்ல. நோயின் காரணத்தை முதலில் அறிவோம்.

வேகம் வேறு, தாமதம் வேறு

நூறு இருக்கைகள் கொண்ட பேருந்து என்பதற்காக அது மதுரைக்கு விரைவில் போய்ச் சேர்ந்துவிடுமா? சேராது. அதிகம் பேரை ஏற்றிச் செல்லும், அவ்வளவுதான். இணைப்பின் "வேகம்" என்று நாம் கூறுவது இந்த இருக்கைகளின் எண்ணிக்கையைப் போன்றது. பயண நேரமே "தாமதம்". அது மில்லி விநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது.

100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 100 மெகாபிட் வரும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்குக் கிடைப்பது 12.5 மெகாபைட். 50 கிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டை இறக்கிக்கொள்ள ஏறத்தாழ 67 நிமிடங்கள் ஆகும். இங்கே வேகம் தேவைதான். ஆனால் விளையாடும்போது போய் வருவன எவை? எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பன போன்ற சிறு செய்திகளே. அதற்குப் பெரும்பாலும் ஒரு மெகாபிட் கூடத் தேவைப்படுவதில்லை. எனவே, விளையாட்டு இணைப்பையே விழுங்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் பொருந்தாது.

தாமதத்திற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லி விநாடி, வர 16. ஆக 32 மில்லி விநாடிக்குக் குறைவாக அவ்வழியே எந்தச் செய்தியும் போய்த் திரும்ப இயலாது. எவ்வளவு பணம் கட்டினாலும் இது குறையாது. ஆகவே விளையாட்டின் அமைப்புப் பகுதியில் நமக்கு அண்மையிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாடம்.

நெரிசல் எங்கே?

அப்படியானால் பாடம் ஏன் தடைப்பட்டது? ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ சர்க்கரை வாங்க வந்தவர், பத்து மூட்டை கேட்பவருக்குப் பின்னால் நின்றால் என்ன ஆகும்? வீட்டிலுள்ள ஓர் அலைபேசி, யாரும் கேளாமலேயே நூற்றுக்கணக்கான படங்களை இணையச் சேமிப்பகத்திற்கு அனுப்பத் தொடங்குகிறது. அல்லது கணிப்பொறி ஒரு பெரிய புதுப்பிப்பை இறக்குகிறது. ரூட்டரின் வாசலில் நீண்ட வரிசை உண்டாகிறது. அக்காளின் குரலும் தங்கையின் ஆட்டமும் அவ்வரிசையின் கடைசியில் நின்று தவிக்கின்றன. இருவரும் ஒரே நெரிசலில் சிக்கியவர்கள். ஒருவரையொருவர் பழிப்பதில் பயனில்லை.

இதற்கு ஒரு நல்ல தீர்வை 2012ஆம் ஆண்டு கேத்லீன் நிக்கல்ஸ் என்னும் பெண்மணியும் வான் ஜேக்கப்சன் என்பவரும் வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு நேரம் காத்து நின்றது என்று பார்த்து நெரிசலைக் குறைக்கும் முறை அது. இன்று சில ரூட்டர்களில் இவ்வகை வசதி "கியூ.ஓ.எஸ்." அல்லது "எஸ்.கியூ.எம்." என்ற பெயரில் உள்ளது. அதனை இயக்கி, இணைப்பு 100 மெகாபிட் எனில் 90 என்று வரம்பு வைத்தால், வரிசை நம் கட்டுப்பாட்டில் இருக்கும். அவ்வசதி இல்லையெனில், படங்களை அனுப்புவதையும் விளையாட்டு இறக்குவதையும் இரவில் வைத்துக்கொள்ளலாம். "ஸ்டீம்" போன்ற விளையாட்டு மென்பொருளில் இறக்கும் வேகத்திற்கு வரம்பும், புதுப்பிப்பிற்கு நேரமும் குறிக்க வழியுண்டு.

கம்பியா, காற்றா?

வைஃபை ஒரு வகுப்பறை போன்றது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் காத்திருக்க வேண்டும். அண்டை வீட்டு வைஃபையும் அதே வகுப்பில் பேசினால் கேட்க வேண்டுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும்; ஆனால் நெரிசல் மிகுந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில் இயங்குவதால் இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் சுவர்களைக் கடக்கையில் மெலிந்துவிடும். ரூட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். இரும்புப் பீரோவின் பின்னால் ஒளித்து வைக்க வேண்டா.

இடம் மாறாத கணிப்பொறிக்குக் கம்பியே சிறந்தது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய "ஈதர்நெட்" முறையின் வழிவந்ததே இக்கம்பி. "கேட் 5இ" எனக் கேட்டு வாங்கினால் 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் செல்லும். அதனுள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டுள்ளன. அம்முறுக்கே வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தணிக்கிறது. ஒன்று கவனிக்க: ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகக் கூடாது. செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். பெரிய வலையமைப்புகளில் இச்சுழலைத் தவிர்க்கும் முறையை 1985ஆம் ஆண்டு வகுத்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் பெண் அறிஞர். வீட்டில் பயன்படும் எளிய சுவிட்சுகள் பலவற்றில் அப்பாதுகாப்பு இல்லை.

சோதித்து அறிவோம்

1. இணையம் தேவைப்படாத, தனியாக ஆடும் விளையாட்டு ஒன்றை ஆடிப் பாருங்கள். அதிலும் படம் தயங்கினால் குற்றம் இணைப்பினுடையதன்று. மின்விசிறியில் தூசி அடைந்து சூடேறியிருக்கலாம். கணிப்பொறியை அணைத்து, மின் இணைப்பை நீக்கிய பின் தூசி தட்டுங்கள். விளையாட்டில் நிழல், ஒளி முதலிய அலங்காரங்களைக் குறையுங்கள்.

2. விண்டோஸ் கணிப்பொறியில் "கமாண்ட் பிராம்ப்ட்" திறந்து, ஆங்கிலத்தில் "பிங்" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரூட்டரின் எண்முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். விடை சில மில்லி விநாடிகளில் சீராக வந்தால் வீட்டினுள் குறையில்லை. ஒரு முறை 3, மறுமுறை 90 எனத் தாவினால் வைஃபையே காரணம்.

3. அடுத்து, வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு அவ்வாறே செய்யுங்கள். படங்கள் அனுப்பப்படும் வேளையில் மட்டும் எண் உயர்ந்தால் காரணம் நெரிசல். எப்போதுமே உயர்ந்திருந்தால் மட்டும் இணைப்பு தருபவரிடம் முறையிடலாம்.

கதவைப் பூட்டுவோம்

ரூட்டருடன் வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் "டபிள்யூ.பி.ஏ. 2" அல்லது "3" என்பதையே தேர்ந்தெடுங்கள். விருந்தினருக்குத் தனி வலையமைப்பு வைப்பது நலம்.

இதனினும் முக்கியமான கதவு ஒன்றுண்டு. இணைய விளையாட்டில் நம்முடன் ஆடுபவர் யாரென்று நாம் அறியோம். உண்மைப் பெயர், பள்ளியின் பெயர், நிழற்படம் எதையும் தராதீர்கள். தகாத சொல் பேசுபவரின் குரலை அடைத்து, அவ்விளையாட்டின் நிருவாகத்திற்குப் புகார் செய்யுங்கள். அச்சுறுத்தினால் தாயிடமோ ஆசிரியையிடமோ அன்றே கூறுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளது. குற்றம் செய்தவர் அவரே, நீங்கள் அல்லர்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாறு சொல்ல வரும் மகளிடமிருந்து முதலில் கணிப்பொறியைப் பறிக்காதீர்கள். பறித்தால், அடுத்த முறை அவள் சொல்லாமலே இருந்துவிடுவாள்.

ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு போதும். ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ள அறிவும் வேண்டும், விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டும். பாட நேரம், விளையாட்டு நேரம், உறங்கும் நேரம் என அட்டவணை ஒன்றை எல்லோரும் கூடி எழுதிச் சுவரில் ஒட்டுவோம். ரூட்டரின் பின்னுள்ள கம்பிகளைப் புரிந்துகொள்வது ஆண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கி நிற்காமல், இந்த விடுமுறையிலேயே நம் வீட்டு வலையமைப்பை நாமே சோதித்துச் செம்மை செய்வோமாக!