20 லட்சத்தை எதால் வகுப்பது?

லேப் ரெக்கார்டில் யூனிட் எழுதாமல் விட்டால் மார்க் போய்விடும். அரசாங்கம் ஊர்களுக்குப் பணம் பிரிக்கும்போதும் இதே யூனிட் பிரச்சினை உண்டு. அங்கே தப்பினால் ஒரு குடியிருப்புக்கு ரோடு வராது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உண்டு. ஊராட்சின்னா ஒரே ஊர்னு நினைச்சுடாதீங்க. பெரிய ஊர், காலனி, தோட்டத்து வீடுகள், மலைமேல் நாலு குடிசை எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் ஊராட்சி. இந்தச் சிறு குடியிருப்புகளைக் குக்கிராமம் என்பார்கள். 2011 வாக்கில் அரசுக் கணக்கில் 79,394 குக்கிராமங்கள் இருந்தன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. ஆனால் சில ஊராட்சியில் இரண்டுதான் இருக்கும், சிலதில் ஐம்பதைத் தாண்டும்.

முதல் முறை: ஊராட்சிதான் யூனிட்

2006-07 முதல் 2010-11 வரை நடந்தது அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். ஆண்டுக்குச் சுமார் 2,500 ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். எல்லோருக்கும் சமம், கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்போ இரண்டு ஊராட்சிகளை வைத்துக்கொள்வோம். 'அ'வில் 3 குக்கிராமம், 'ஆ'வில் 24.

அ: 20 ÷ 3 = சுமார் 6.67 லட்சம்
ஆ: 20 ÷ 24 = சுமார் 83 ஆயிரம்

எட்டு மடங்கு வித்தியாசம்!

இரண்டாம் முறை: குக்கிராமம்தான் யூனிட்

2011-12-இல் வந்த 'தாய்' திட்டம் இந்த வகுக்கும் எண்ணை மாற்றியது. 5-க்கும் குறைவான குக்கிராமம் இருந்தால் 20 லட்சம், 5 முதல் 15 வரை 30 லட்சம், 16 முதல் 30 வரை 40 லட்சம் என்று படிப்படியாக ஏறி, 100-ஐத் தாண்டினால் 1 கோடி. குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுடுகாடு, அதற்குப் போகும் பாதை ஆகியவை அடிப்படைத் தேவைகள் என்று வரையறுத்தார்கள்.

நம்ம 'ஆ'வுக்கு இப்போ 40 ÷ 24 = சுமார் 1.67 லட்சம். இரண்டு மடங்கு கூடியிருக்கிறது. ஆனாலும் 'அ'வுக்கு அதே 6.67 லட்சம்தான். எட்டு மடங்கு இடைவெளி நாலு மடங்காகக் குறைந்ததே தவிர, மறையவில்லை.

"சின்னக் குடியிருப்பில் ஆள் கம்மிதானே, பணமும் கம்மியா போதுமே?" என்று கேட்கலாம். சிவில் நண்பர்கள் உடனே பதில் சொல்வார்கள். ஒரு கிலோமீட்டர் ரோடு போட ஆகும் ஜல்லியும் தாரும், அந்த வழியில் 20 வீடு இருந்தாலும் 200 வீடு இருந்தாலும் ஒன்றுதான். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் தூரத்துக் குடியிருப்பு எப்பவும் தோற்கும். குடியிருப்புக்கு இவ்வளவு என்று பிரித்தால் நெரிசலான பெரிய ஊர் முணுமுணுக்கும். எந்த யூனிட்டை எடுத்தாலும் யாருக்கோ குறையும். யாருக்குக் குறையலாம் என்பதை முடிவு செய்வதுதான் திட்டமிடல்.

உங்கள் கையில் உள்ள வகுத்தல்

பணம் ஊராட்சிக்கு வந்தபின் இன்னொரு வகுத்தல் இருக்கிறது: எந்தக் குக்கிராமத்துக்கு எந்த வேலை? இதைப் பேசும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். இதில் நாலு நாள் நமக்கு லீவு! மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வர வேண்டும். அந்த நூறு பேரும் பெரிய ஊர்க்காரர்களாகவே இருந்தால் முடிவு எப்படி இருக்கும்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு அட்டவணை போடுங்க. குக்கிராமத்தின் பெயர், வீடுகள், மண்சாலையின் நீளம், தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை. ஒரு பக்கம் போதும். உங்கள் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. விடுபட்ட பெயரைச் சபையில் சொல்லி, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்க. எந்தப் பணத்தில் கேட்பது என்பதும் முக்கியம். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டது. அந்தப் பங்கிலிருந்து ரோடு கேட்டால் கிடைக்காது, குழாய் கேட்டால் கிடைக்கும்.

பட்டியலில் பெயரே இல்லாத குடியிருப்புக்கு எந்த ஃபார்முலாவும் பணம் தராது. முதலில் பெயரை ஏற்றுங்க.