குடவோலையும் விமானச் செய்தியும்

குடவோலை முறையை அறியாதார் நம் கல்லூரியில் எவருமிலர். ஆயினும் கி.பி. 921-இல் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு நுட்பம் பலர் கண்ணில் படுவதில்லை. சிறுவன் எடுத்துத் தந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க வேண்டும். பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதைப் படிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும். வந்த செய்தியைச் சரிபார்த்தே ஏற்கும் இக்கொள்கைதான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தரவு வலையமைப்புக்கும் உயிர்நாடி. அதை இங்கு விளக்க முயல்கிறேன்.

நம் ஊர்ப்பக்கம் பறக்கும் விமானங்களைச் சென்னைக் கட்டுப்பாட்டு மையம் ரேடாரில் காண்கிறது. வங்கக் கடலின் நடுவே ரேடார் எட்டாது. முன்பு அங்கே இரைச்சல் மிகுந்த நெடுந்தொலைவு வானொலியையே நம்பியிருந்தனர். இன்று அதற்குரிய கருவியுள்ள விமானம் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தானே அறிவிக்கிறது. கட்டளையும் எழுத்தாகச் செல்கிறது; விமானி படித்து, 'செய்கிறேன்' அல்லது 'இயலாது' என விடையளிக்கிறார்.

எழுத்து வழியில் சிதைந்தால்? 35,000 அடி உயரத்தை 350 எனக் குறிப்பர். இலக்கங்களின் கூட்டுத்தொகை 8-ஐயும் உடன் அனுப்புவதாகக் கொள்வோம். 350 என்பது 360 ஆனால் தொகை 9, பிழை தெரிந்துவிடும். 530 என இடம் மாறினாலோ தொகை அதே 8! ஆகவே இலக்கங்களை முறையே 1, 2, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுவோம். 350-க்கு 13, 530-க்கு 11. பிழை அகப்பட்டது! நடைமுறையில் இதனினும் வலிய கணக்கு உண்டு. ஆயினும் தாளில் இதைப் போட்டுப் பார்த்தபோதுதான் அடிப்படை எனக்கு விளங்கியது.

செய்தி போய்ச் சேர்ந்ததும் சோதனை முடிந்துவிடாது. வேண்டுமென்றே அதைச் சிதைத்தும், இணைப்பைத் துண்டித்தும் பார்க்க வேண்டும். காலந்தாழ்த்தி அனுப்பியும் பார்க்க வேண்டும். நிலைமை மாறியபின் வந்து சேரும் பழைய கட்டளை, பிழையற்றதாயினும் ஆபத்தானதே.

2025 நவம்பரில் டில்லியில், விமானப் பயணத் திட்டங்களைக் கொண்டுசெல்லும் தானியங்கிச் செய்தி மாற்று அமைப்பு பழுதுற்றது. கட்டுப்பாட்டாளர்கள் அப்பணியைக் கையாலேயே செய்தனர். நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. பழுதே வராத இயந்திரம் உலகில் இல்லை. பழுதுற்ற வேளையில் பணி எவ்வாறு நடக்கும் என்பதும் சோதனையின் பகுதியே.

கணிதமும் இயற்பியலும் கற்கும் நண்பர்களே! ஓர் இலக்கம் மாறினால் இரு விமானங்கள் ஒரே உயரத்தில் எதிர்ப்படலாம். ஓலையை ஒருவர் படித்தது போதுமென நம் முன்னோர் விடவில்லை, நாமும் விடலாகாது.