ஜீப்பு வண்டியின் தட்டொலி: அதன் காரணமும் ஆராயும் முறையும்

பட்டுத்தறியில் பல்லாண்டு பழகிய நெசவாளர், தறியின் ஓசை சிறிது மாறினும் அதனை உணர்ந்து உடனே கையை நிறுத்துவர். நிறுத்திய மாத்திரத்தில் தறி முழுவதையும் பிரித்துவிடுவாரல்லர். நாடாவையும் மிதியையும் கயிற்றையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் பழுதுள்ள இடத்தை மட்டும் சீர்செய்வர். ஆரணிப் பட்டு நெய்யும் படவேட்டுப் பக்கத்தார்க்கு இஃது அறிந்த செய்தியே. இயந்திரங்களைப் பயிலும் மாணவர் கைக்கொள்ளவேண்டிய நெறியும் இதுவே. நான்கு சக்கரங்களாலும் இழுத்துச் செல்லும் ஜீப்பு வண்டியின் ஸ்டியரிங்கிலும் கமான் பட்டைகளிலும் எழும் தட்டொலியை எடுத்துக்கொண்டு அந்நெறியை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

படவேடு, சம்புவராயர் தலைநகராய் விளங்கிய தொன்மையுடையது. ரேணுகாம்பாள் கோயிலால் இன்றும் பலரும் நாடி வரும் ஊர். அதனை அடுத்துச் சவ்வாது மலைத்தொடர் எழுகின்றது. மலைவழிகளில் ஏற்றமும் வளைவும் மிகுதி. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களிலிருந்து விளைபொருளைச் சந்தைக்கு இறக்கவும், நோயுற்றாரை மருத்துவமனைக்குக் கொணரவும் இத்தகைய வண்டிகள் பெருந்துணை புரிவன. அவ்வழியில் இறங்கும்போது ஸ்டியரிங்கின் இணைப்பு ஒன்று கழன்றுவிடின், ஓட்டுநர் எத்துணைத் திறமையுடையவராயினும் சக்கரத்தைத் திருப்ப இயலாது. ஆதலின், தட்டொலியைச் செவிக்கு வந்த சிறு தொல்லையென்று கருதி வாளாவிருத்தல் தகாது.

ஒலி பிறக்கும் வகை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென 1941-ஆம் ஆண்டு முதல் பெருந்தொகையாய்ச் செய்யப்பெற்றது வில்லிஸ் ஜீப்பு. 1940-களின் பிற்பகுதியில் மகீந்திரா நிறுவனம் அதனை நம் நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கிற்று. அப்பழைய வண்டியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த ஆக்ஸில்கள் கமான் பட்டைகளின்மேல் தாங்கப்பெற்றிருந்தன. 2010-இல் வெளிவந்த தார் வண்டியின் வகை ஒன்றிலோ, முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்பு வந்தது. ஆகவே சோதிக்க முற்படுவோர், தம்முன் நிற்பது எவ்வகை வண்டியென்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

வகை எதுவாயினும் ஒலி பிறக்கும் முறை ஒன்றே. இரண்டு உறுப்புகள் கூடுமிடத்தில் ரப்பர் புஷ்ஷோ, பேரிங்கோ, இறுக்கிய நட்டோ அவ்விரண்டையும் விலகாமல் காக்கின்றது. அது தேய்ந்தாலும் தளர்ந்தாலும் நடுவே சிறிது இடைவெளி உண்டாகும். விசை ஒரே திசையில் இருக்கும் வரையில் ஓசை எழாது. விசையின் திசை மாறும்போது, ஓர் உறுப்பு அவ்விடைவெளியைக் கடந்து மற்றொன்றின்மேல் மோதும்; அம்மோதலே நாம் கேட்கும் 'டக்' என்னும் ஒலி. எனவே தட்டொலிக்கு இடைவெளியும் விசை மாற்றமும் ஆகிய இரண்டும் வேண்டும். எந்த விசை மாறும்போது ஒலி எழுகின்றது என்று கண்டால், இடைவெளி இருக்குமிடம் பாதி தெரிந்ததாகும்.

ஒலி எழும் வேளை

முதலில் ஜாக்கி, கருவிப்பெட்டி, மாற்றுச் சக்கரம் ஆகியவை தளர்ந்து ஆடவில்லையென்று உறுதி செய்க. பிறகு வண்டியை ஓட்டிப் பின்வருவனவற்றைக் கவனிக்க.

வண்டி நிற்கையில் இன்ஜினின் வேகத்தைக் கூட்டும்போதே ஒலித்தால், குறை இன்ஜினையோ அதன் தாங்கிகளையோ சார்ந்தது. புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் ஒருமுறை தட்டினால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட்டையும் ஆக்ஸிலைப் பட்டையோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் ஐயுறுக. மேடுபள்ளங்களில் ஒலித்துப் பிரேக்கை மெல்ல மிதித்தவுடன் ஒலி அடங்கினால், பிரேக்கின் உறுப்புகளை முதலில் பார்க்க. சிறு கற்களின்மேல் மெதுவாய்ச் செல்கையில் அடுத்தடுத்துத் தட்டினால், ஷாக் அப்சார்பரின் புஷ்ஷும் ஷாக்கிள் புஷ்ஷும் டை ராட் முனைகளும் ஆராயத்தக்கன. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்ப ஒலி எழுமாயின், ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸில் பிணைக்கும் போல்ட்டுகள் முதல் கிங் பின் வரையிலும் நோக்குக.

உலர்ந்த கெட்டித் தரையில் நான்கு சக்கர இழுவையைப் பூட்டி வளைவில் திரும்பினால், பழைய அமைப்புடைய ஜீப்பில் 'படார்' என்னும் ஒலி எழுதலுண்டு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மிகுந்த தொலைவு உருள்கின்றன. இழுவை பூட்டியிருத்தலால் அவ்வேறுபாடு முறுக்காய்ச் சேர்ந்து திடீரென விடுபடுகின்றது. இது பழுதன்று, இழுவையைத் தகாத இடத்தில் பூட்டியதன் பயன். சேறு, மணல், தளர்ந்த கல் ஆகியவற்றிலேயே அதனைப் பூட்டுதல் முறை.

கையால் சோதித்தல்

செவியை மட்டும் நம்பலாகாது. சேஸிஸ் இரும்பாதலின், இடப்பக்கத்து ஒலியை வலப்பக்கத்ததெனக் காட்டும். ஆகவே செவி ஐயுற்றதைக் கை உறுதி செய்தல் வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு அடைகல் இடுக. ஒருவர் ஸ்டியரிங் சக்கரத்தை இருபுறமும் சிறிதளவே விட்டுவிட்டு அசைக்கட்டும். பவர் ஸ்டியரிங் உள்ளதாயின் இன்ஜின் ஓடுதல் வேண்டும். மற்றவர், ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்ட நின்று, ஸ்டியரிங் பாக்ஸ், டிராக் லிங்க், டை ராட் முனை என்று வரிசையாக ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்க. இணைந்த இரண்டு உறுப்புகளும் ஒருங்கே அசைந்தால் நலம். ஒன்று அசைந்த பின்னரே மற்றது அசையுமாயின், ஆட்டம் அங்கே உள்ளது.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இறக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கே கேடு. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தோன்றின், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்க. ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கரத்தின் பேரிங்கில். மறையாவிடின் கிங் பின்னிலோ பால் ஜாயிண்ட்டிலோ ஆகும். இடமும் வலமும் பிடித்து அசைக்கையில் மட்டும் ஆட்டம் தோன்றின், பெரும்பாலும் டை ராட் முதலிய ஸ்டியரிங் இணைப்புகளையே குறிக்கும்.

கண்ணுக்கும் வேலையுண்டு. போல்ட்டின் தலையைச் சுற்றிச் செந்துருப் பொடியோ, தேய்ந்து மின்னும் இரும்போ தென்படின், அங்கே உறுப்புகள் உராய்கின்றன என்பது துணிபு. பட்டைகளில் ஒன்று முறிந்திருத்தலையும், ஆக்ஸில் ஒருபுறம் பின்னோக்கி நகர்ந்திருத்தலையும் இவ்வாறே காணலாம்.

சீர்செய்தல்

ஐயத்தின்பேரில் பல உறுப்புகளை ஒருங்கே மாற்றுதல் பொருள் விரயம். ஒலி நின்றாலும் காரணம் இன்னதென்று தெரியாமற் போகும். குற்றம் உறுதிப்பட்ட ஒன்றை மாற்றி, மீண்டும் அதே வழியில் ஓட்டிப் பார்க்க. ஆயினும் டை ராட் முனையிலோ பால் ஜாயிண்ட்டிலோ ஆட்டம் தெளிவாய்க் காணப்பட்டால், மாற்றும் வரையில் வண்டியை மலைமேல் ஏற்றலாகாது. கழற்றிய பிளவு ஊசியை மறுபடி இடாது புதியதையே இடுக. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பின்னரே முடிவாக இறுக்குக. தொங்கிய நிலையில் இறுக்கின் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். ஸ்டியரிங் இணைப்பை மாற்றிய பின் சக்கரங்களின் நேர்மையையும் அளந்து திருத்துதல் இன்றியமையாதது.

ஒலி எழுந்த வேளை, ஐயுற்ற இடம், கை கண்ட உண்மை, செய்த திருத்தம் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் வழக்கத்தை மாணவர் இளமையிலேயே பழகுவாராக. பத்து வண்டிகளின் குறிப்பு சேர்ந்த பின், பதினோராவது வண்டியின் ஓசை அவர்க்குப் பொருளுள்ள மொழியாய்க் கேட்கும். அத்தகையோர் தேர்ந்து அனுப்பிய வண்டியில் மலைவழி செல்வோர் அச்சமின்றி ஊர் சேர்வர்.