அம்பு எதன்மேல் தங்குகிறது?

பொருள் பிறந்த கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தம்பி மகன் கம்பவுண்ட் வில் பழகுகிறான். அதற்கு 'அரோ ரெஸ்ட்' வாங்கப் போனால் நாலைந்து வகை காட்டுகிறார்கள். பெரும்பாலும் வேட்டை வில்லுக்காக வந்தவை என்கிறார்கள். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வேட்டை வில் எதிலும் அப்படி ஒரு பாகமே இல்லையே? அது எப்போது வந்தது? எதை வாங்குவது?
*(வாசகி, ஸ்ரீ விஜயபுரம், அந்தமான்)*

பதில்: நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தமான் வில்லில் மட்டுமல்ல, உலகத்தின் பழைய வில்களில் அநேகமாக எதிலுமே அம்புத் தாங்கி கிடையாது. 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த ஆங்கில வில்களும் வெறும் மரம்தான். வில்லைப் பிடித்திருக்கும் கையே தாங்கி. அம்பு அந்தக் கையின் முட்டியில் படுத்திருக்கும், அல்லது கட்டைவிரலில்.

முட்டியா, கட்டைவிரலா என்பதை முடிவு செய்வது இன்னொரு கை. நாணை இழுக்கும் கை. மூன்று விரலால் இழுத்தால் விரல்கள் நாணை ஒரு பக்கமாக லேசாக முறுக்கும். அந்த முறுக்கு அம்பை வில்லின் இடப்பக்கம் சாய்த்து அணைக்கும். அதனால் வலக்கைக்காரர் அம்பை இடப்பக்கம் வைக்கிறார். ஜப்பானியரும் துருக்கியரும் செய்வதுபோலக் கட்டைவிரலால் இழுத்தால் முறுக்கு எதிர்த்திசையில் விழும். அம்பு வலப்பக்கம் போய் இடக்கைக் கட்டைவிரலின் மேல் உட்காரும். நாணை விடும் விரல்தான் அம்பு தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பழைய வில்லுக்கும் இது பொருந்தும், உங்கள் தம்பி மகன் கையில் இருக்கும் வில்லுக்கும் பொருந்தும். ஏகலைவன் கதையில் துரோணர் கேட்டது எந்த விரல் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் இழுப்பவனுக்குத்தான் அது முழு இழப்பு. பில் பழங்குடியினரில் கட்டைவிரல் படாமலே நாண் இழுக்கும் வழக்கம் உண்டு. ஏகலைவனை நினைத்துத்தான் அப்படிச் செய்கிறோம் என்பார்கள்.

எட்வர்டு மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1885-ல் உலக மக்கள் நாணை விடும் முறைகளையெல்லாம் வகை பிரித்து ஒரு நூல் எழுதினார். அதில் அந்தமான் இரண்டு இடத்தில் வருகிறது. பெரிய அந்தமான் மக்கள் அம்பின் வாலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பற்றிக்கொண்டு, மற்ற விரல்களையும் நாணில் கொடுத்து இழுப்பவர்கள். சிறிய அந்தமானில், அதாவது ஓங்கே மக்களின் தீவில், கட்டைவிரல் சும்மா இருக்கும்; அம்பு இரண்டு விரலுக்கு இடையில் நிற்க, விரல்களே நாணை இழுக்கும். ஐரோப்பியர் இழுக்கும் அதே முறை. ஒரே தீவுக் கூட்டத்தில், இடையில் ஒரு கடல் துண்டு, அதற்குள் இரண்டு மரபு! இந்தத் தீவுகளை 'ஆதிகால மனிதர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறவர்கள் இந்த ஒரு செய்தியையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

வில்களும் அப்படியே வேறுவேறு. பெரிய அந்தமான் வில்லின் இரு கைகளும் துடுப்புப் போலத் தட்டையாக அகன்றிருக்கும், நடுக் கைப்பிடி மட்டும் ஒடுங்கியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் உருவம் நெளிந்து வளையும். ஓங்கே, ஜாரவா மக்களின் வில்களில் அந்த நெளிவு கிடையாது. கைப்பிடி ஒடுங்கியிருப்பது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாண் அம்பை வில்லின் நடுக்கோட்டை நோக்கித் தள்ளுகிறது. அங்கேயோ மரம் மறித்து நிற்கிறது. அம்பு வளைந்து நெளிந்து மரத்தைச் சுற்றித்தான் வெளியேற வேண்டும். கைப்பிடி எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு நெளிவு மிச்சம். இந்தச் சிக்கலுக்கு 'வில்லாளியின் முரண்' என்று பெயர். அம்பு உண்மையிலேயே நெளிந்து போவதை 1930களில் அதிவேகக் காமிரா காட்டிக்கொடுத்தது.

இனி நீங்கள் கேட்ட தாங்கிக்கு வருகிறேன். வில்லின் நடுவில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் அம்பு நேராகப் போகுமே என்று அமெரிக்காவில் வில் செய்தவர்கள் வெட்டினார்கள். வெட்டிய இடத்தின் அடியில் ஒரு திட்டு கிடைத்தது. அம்பு கையிலிருந்து அதற்குக் குடிமாறியது. மயிர்த் துண்டோ தோலோ ஒட்டினால் போதும். ஆனால் நடுக்கோட்டையும் தாண்டி வெட்டியபோது அம்புக்குப் பக்கத்தில் சாய ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்த வெறுமையை நிரப்பத்தான் தாங்கி தனிப் பொருளாகவே வந்தது: கீழே மெல்லிய கம்பி, பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த 'பிளஞ்சர்' பட்டன். விரலால் விடும் அம்பு பக்கவாட்டில் நெளியும், பட்டன் அந்த உதைப்பை வாங்கிக்கொள்ளும். ஒலிம்பிக் ரிகர்வ் வில்லில் இன்றும் இதுதான்.

கம்பவுண்ட் வில்லுக்கு ஹாலஸ் ஆலன் 1969-ல் காப்புரிமை பெற்றார். அதை இழுப்பவர்கள் விரலை விட்டுவிட்டு 'ரிலீஸ்' என்ற விசைக் கருவிக்கு மாறினார்கள். விசை விடும் அம்பு பக்கவாட்டில் அவ்வளவாக நெளியாது, மேலும் கீழுமாக நெளியும். ஆகவே தாங்கி பக்கத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு வந்தது. உங்கள் தம்பி மகன் எதால் நாணை விடுகிறான் என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதியை இறகு தீர்க்கும். அம்பின் வாலில் இருக்கும் இறகோ பிளாஸ்டிக் இதழோ தாங்கியில் உரசினால் குறி விலகும். 'டிராப் அவே' வகை, அம்பு கிளம்பியதும் தானே கீழே விழுந்து வழிவிடும். துல்லியம் அதிகம், ஆனால் கயிறும் ஸ்பிரிங்கும் சரியாக இருந்தாக வேண்டும். 'விஸ்கர் பிஸ்கட்' வளையம் தூரிகை மயிரால் அம்பைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். மரத்தின்மேல் குந்தியிருக்கும் வேட்டைக்காரர் எப்படிச் சாய்ந்தாலும் அம்பு விழாது, உலோகத்தில் உரசி மான் காதில் சத்தமும் போகாது. இதழ்தான் கொஞ்சம் தேயும். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த வேட்டை வசதிகளுக்கு வேலை இல்லை. பையன் இலக்குப் பலகையில்தான் எய்யப் போகிறான். ரிலீஸ் பிடிப்பவன் என்றால் நுனி கவைத்த மெல்லிய எஃகு 'பிளேடு' தாங்கி வாங்கிக் கொடுங்கள். அசையும் பாகம் இல்லை, பழுதும் குறைவு.

உங்கள் அருங்காட்சியக வில்லுக்குத் திரும்பினால், அந்தமான் அம்பில் இறகே கிடையாது! அதனால் இறகு கையைக் கிழிக்கும் என்ற பயம் இல்லை, உரசல் என்ற பேச்சும் இல்லை. காட்டுக்குள் பன்றி தெரிவதே அருகில் வந்தபின்தான். முனையில் இரும்பின் கனம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அம்பை நேராக வைத்திருக்க அது போதும். அந்தமான் மக்களின் கண்டுபிடிப்பு முழுதும் அம்பின் தலையில் இருக்கிறது. பன்றி அம்பின் முனை தனித் துண்டு; தண்டோடு ஒரு கயிற்றால் கட்டியிருக்கும். தைத்ததும் முனை கழன்று பன்றியின் உடலில் நிற்கும், தண்டு கயிற்றில் இழுபட்டுப் பின்னாலேயே வரும். பன்றி புதருக்குள் பாயும்போது தண்டு குறுக்கே சிக்கிக்கொள்ளும். பத்தடிக்கு மேல் கண்ணுக்கு எட்டாத காட்டில், அடிபட்ட விலங்கைத் தொலைக்காமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: இரும்பு உருக்கத் தெரியாத மக்களுக்கு அம்பு முனைக்கு இரும்பு எங்கிருந்து வந்தது?
*(வாசகர், டிக்லிபூர்)*

பதில்: கடல் கொடுத்தது. பவளப்பாறையில் மோதி உடைந்த கப்பல்களின் ஆணியையும் தகட்டையும் எடுத்து, உருக்காமல் குளிர்ந்த நிலையிலேயே தட்டித் தேய்த்துக் கூராக்கினார்கள். அதற்கு முன் எலும்பும் சிப்பியும். 1858-ல் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் அமைத்த பிறகு பெரிய அந்தமான் மக்களுக்கு இரும்பு எளிதாகக் கிடைத்தது. வட சென்டினல் தீவின் பாறையில் 1981-ல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் தட்டி நின்றது. சென்டினல் மக்களுக்கு அது ஒரு பெரிய இரும்புச் சுரங்கம்.

கேள்வி: நிக்கோபாரில் விசைவில் உண்டு என்கிறார்களே, உண்மையா? அங்கே வேட்டைக்குத் தடை இல்லையா?
*(வாசகர், கச்சால்)*

பதில்: உண்மை. நிக்கோபார் மக்கள் பறவை அடிக்க விசைவில் வைத்திருந்தார்கள். பர்மா, வியட்நாம் மலைநாடுகளிலும் இது பழைய ஆயுதம். கட்டையின் மேல் வெட்டிய பள்ளத்தில் அம்பு கிடக்கும், ஆகவே முதல் கேள்வி கேட்ட வாசகிக்கும் இது சேதி: தாங்கியோடு பிறந்த வில் இதுதான். சட்டத்தைப் பொறுத்தவரை, 1967-ல் அறிவித்த நிக்கோபார் பழங்குடியினரின் வேட்டை உரிமையை 1972 சட்டத்தின் 65-ஆம் பிரிவு அப்படியே காக்கிறது. அந்த உரிமை அவர்களுக்கு மட்டுமே. ஜாரவா வில் ஒன்று விலைக்குக் கிடைக்குமா என்றும் கடிதத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். அதற்காகக் காப்புப் பகுதிப் பக்கம் போகவே போகாதீர்கள். 1956-ஆம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். நாம் கொண்டுபோகும் ஒரு சளிக் காய்ச்சலே அவர்களுக்கு உயிர் ஆபத்து. ஸ்ரீ விஜயபுரத்தில் இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.