வீட்டு மின்சாரம்: வயருக்கு ஒரு காவல், உயிருக்கு ஒரு காவல்



2023 மார்ச் மாதம் நம் மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. யானையையே சாய்க்கும் மின்சாரம் மனுசனை விட்டுவைக்குமா? நம் வீட்டுச் சுவருக்குள்ளும் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது.

"எங்க வீட்டுலதான் ஃபியூஸ் இருக்குதே!" என்பீர்கள். ஃபியூஸும், இப்போது போடும் எம்.சி.பி.யும் காப்பது வயரை. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால், வயர் சூடேறித் தீப்பிடிக்கும் முன் துண்டித்துவிடும். ஆனால் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடலில் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும்.

கணவன் மனைவி இருவரும் கலந்து பேசி, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு இவற்றைச் செய்யுங்கள்:

1. விளக்கு, ஃபேனுக்கு ஒரு லைன். கிரைண்டர், ஹீட்டருக்குத் தடித்த வயரில் தனி லைன். ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. 1500 வாட் ஹீட்டர் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஒரு பல்புக்காகப் போட்ட பழைய வயர் அதைத் தாங்காது.

2. மெயினை அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

3. கிரைண்டர், ஃபிரிட்ஜ், மோட்டாருக்கு எர்த் கட்டாயம். பச்சை வயரை வெட்டி விடாதீர்கள்.

4. போன ஃபியூஸுக்குத் தடித்த கம்பியை முறுக்கிப் போடாதீர்கள்.

5. துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், கயிறு கட்டுங்கள்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று துணிந்துவிடாதீர்கள். இரண்டு வயரையும் ஒருசேரத் தொட்டால் அதுவும் கைவிடும். பழுது பார்க்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்த் தொட வேண்டாம். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மின்சாரத்தால் தீப்பிடித்தால், மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவர் கொல்லைக்குப் போன நேரத்தில் அம்மாவுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கே காட்டிக் கொடுங்கள்.