வாசலை உயர்த்தினால் போதுமா?
சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க ஒரு பாடம்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம்மில் பலருக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. வானம் இருட்டினதுமே அரிசியைப் பரண்மேல ஏத்தணும், பாயைச் சுருட்டணும், பிள்ளைகளைக் கட்டில்மேல உட்கார வைக்கணும். 2015-ல் கடலூரிலும் சென்னையிலும் வந்த வெள்ளத்தை நாடே பேசியது. ஆனால் தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வரும் தண்ணீரை யாரும் வெள்ளம் என்று சொல்வதில்லை. வருஷத்துக்கு மூணு தடவை வந்தாலும் "மழைக்காலம்னா அப்படித்தான்" என்று நாமே விட்டுவிடுகிறோம். அப்படி விடலாமா? இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு குழுவில் நடந்தது

பள்ளத்தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு உறுப்பினர்கள். மூத்தவர் குழுவில் கடன் வாங்கி வாசலை இரண்டு அடி உயர்த்தி, முன்னால் சின்னதாக ஒரு சுவரும் கட்டினார். அந்த வருஷ மழைக்கு அவர் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. இளையவர் வீட்டில் முழங்கால் அளவு ஏறிவிட்டது. கடனில் வாங்கிய தையல் மெஷினின் மோட்டார் போச்சு. தைக்க வந்திருந்த துணியெல்லாம் சாக்கடையில் நனைஞ்சு போச்சு.

"அக்கா, உங்க சுவர்தான் தண்ணியை என் வீட்டுக்குத் தள்ளுது."

"என் காசைப் போட்டு என் வீட்டைக் காப்பாத்தினேன். அது தப்பாம்மா?"

இப்படி ஆரம்பித்த பேச்சு பெரிய சண்டையாகிவிட்டது. ஒருவர் வந்தால் மற்றவர் கூட்டத்துக்கு வருவதில்லை. சேமிப்பு நின்றது, தவணை நின்றது. குழுவே உடைந்துவிடும் போல இருந்தது. கடைசியில் ஊக்குநர் சொன்னார்: "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். மழை விட்டதும் எல்லாரும் வாங்க. இந்தத் தண்ணி எங்கிருந்து வருது, எங்கே போகணும்னு நடந்து பார்த்துட்டு வருவோம்."

பன்னிரண்டு பேரும் சாக்கடை ஓரமாகவே நடந்தார்கள். மேட்டுத்தெருவில் புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் இந்த ஒரே சாக்கடைக்குத்தான் வந்தது. வழியில் டீக்கடைக் கப், பாலிதீன் பை, இளநீர்க் கூடு. கடைசியில் மெயின் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயில் முக்கால் பங்கு மண். அதைத் தாண்டி ஓடையில் யாரோ வீடு இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் சண்டை போட்டது ஒரு குழாய் அடைப்புக்காக.

தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தால் 270 குடம்! முன்பு தெருவும் கொல்லையும் மண்ணாக இருந்தன. பாதித் தண்ணீரையாவது பூமி குடித்தது. இப்போது தெரு, வாசல் எல்லாம் சிமெண்ட். அத்தனையும் ஓடி சாக்கடைக்குத்தான் வரவேண்டும்.

ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டுக்கு மேலேயே போடுகிறார்கள். ரோடு உயர உயர நம் வீடு பள்ளமாகிறது. இதோடு நாம் குளிக்கிற, துவைக்கிற தண்ணீரும், சில வீடுகளில் செப்டிக் டேங்க் நிரம்பி வழியும் தண்ணீரும் அதே சாக்கடையில் சேருகிறது. போக வழி அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பி எங்கே பள்ளமோ அங்கே வரும். அதனால்தான் சில வீடுகளில் வாசல் வழியாக வருவதற்கு முன்பே குளியலறை ஓட்டையிலும் கக்கூஸ் கோப்பையிலும் தண்ணீர் பொங்கி வருகிறது.

மழைக்கு முன் வீட்டில்

- சுவிட்ச் போர்டும் பிளக்கும் தரைக்குப் பக்கத்தில் இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கொண்டு உயரத்தில் மாற்றுங்கள்.
- ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பேங்க் பாஸ்புக் எல்லாம் பாலிதீன் கவரில் கட்டி உயரத்தில் வையுங்கள். குழுவின் தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் அப்படியே.
- குளியலறைக் குழாயில் தண்ணீர் வெளியே மட்டும் போகும், திரும்பி வராத வால்வு பொருத்தலாம். பிளம்பரைக் கேளுங்கள். அதற்கு வசதி இல்லாதவர்கள், மழை வலுக்கும்போது பாலிதீன் பையில் மணல் நிரப்பி, துணி சுற்றி, ஓட்டையிலும் கோப்பையிலும் அழுத்தி வையுங்கள்.
- செப்டிக் டேங்கை மழைக்கு முன்பே லாரி வைத்து எடுத்துவிடுங்கள். அவசரம் என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரு நொடியில் உயிரைக் குடிக்கும். ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

தண்ணீர் ஏறும்போது

தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே கூடாது. அறுந்த கம்பி கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். வயசானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்களை முதலில் மேட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். பெண்களுக்கு ராத்திரியில் கக்கூஸ் போக எந்த வீடு என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அவதி நமக்குத்தான். ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வடிந்த பிறகு

வீடு கழுவுவது எப்போதும் நம் தலையில்தான் விழுகிறது. வெறுங்காலோடு இறங்காதீர்கள். செருப்பு, கையுறை இல்லாவிட்டால் கெட்டியான பாலிதீன் கவரையாவது கட்டிக்கொள்ளுங்கள். முதலில் சேற்றை வாரி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த தண்ணீரைத் தரையில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, மூச்சை அடைக்கும் வாயு வரும்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கிணற்றில் சாக்கடை கலந்திருந்தால் குளோரின் போடச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "சாக்கடைத் தண்ணியில நின்னேன்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே கேட்பது?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி, வடிகால் கட்டுவதும் கழிவுநீரை வெளியேற்றுவதும் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. நாம் சலுகை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறோம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கிறது. நவம்பரில் போய்க் கேட்டால் மழை முந்திக்கொள்ளும். மே மாதமே கேளுங்கள். "சாக்கடை சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் அடைப்பு, எத்தனை வீட்டில் தண்ணீர் ஏறியது, எந்தத் தேதியில் ஏறியது என்று எழுதிக் கொண்டுபோங்கள். சுவரில் தண்ணீர் ஏறின மட்டத்தைக் கோடு போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். தீர்மானம் எழுதினதும் வாசித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அங்கே நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவும் இதைத்தான் செய்தது. கிராம சபையில் முதலில் எழுந்து பேசினது சண்டை போட்ட அந்த இரண்டு பேர்தான். ஒருத்தர் பேச, ஒருத்தர் போட்டோவைக் காட்டினார். மழைக்கு முன் குழாய் அடைப்பு எடுத்தார்கள், ஓடையில் கொட்டின கல்லையும் அள்ளினார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பியது. இன்னும் முழுசாகத் தீரவில்லை. ரோட்டுக்கு அடியில் பெரிய குழாய் வேண்டும் என்று தொடர்ந்து கேட்டு வருகிறார்கள்.

ஒரு வீட்டு வாசலை உயர்த்தினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். போகவேண்டிய வழியைத் திறந்தால்தான் தெருவை விட்டே போகும்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. போன மழையில் நம் குழுவில் யார் யார் வீட்டில் தண்ணீர் ஏறியது? என்னென்ன நஷ்டம்?
2. நம் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது? நடந்து பார்த்தவர் யார்?
3. தண்ணீர் ஏறிய உறுப்பினருக்கு அந்த மாதத் தவணையில் என்ன சலுகை தரலாம்? அவசரக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?
4. அடுத்த கிராம சபையில் நம் சார்பாகப் பேசப்போவது யார்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள்.