முன்பண அட்டை

கடன் தவணை தவறினால் கடன் மதிப்பெண் குறையும். வங்கி கிரெடிட் கார்டு தர மறுக்கும். அப்போதும் அட்டையால் பொருள் வாங்க வழி உண்டு. அதுதான் முன்பண அட்டை. இதைப் ப்ரீபெய்டு கார்டு என்பார்கள். முதலில் நம் பணத்தைப் போட வேண்டும். போட்ட அளவுக்கே செலவு செய்யலாம். இதில் கடன் இல்லை. ஆகவே மதிப்பெண் தேவையில்லை.

வாங்கும் முன் கேளுங்கள்:

1. ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா?
2. கட்டணம் எவ்வளவு?
3. எந்தக் கடைகளில் செல்லும்?
4. எந்தத் தேதி வரை செல்லும்?

ஏடிஎம் கார்டு வைத்திருப்பவர் அதைக் கொண்டே கடையில் வாங்கலாம். புதிய அட்டைக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.

"இந்த அட்டை மதிப்பெண்ணை உயர்த்தும்" என்பார்கள். நம்பாதீர்கள். பழைய பாக்கியைக் கட்டி, இனித் தவணை தவறாமல் இருந்தால்தான் அது மெல்ல உயரும்.

போனில் வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.